ஒரு விரல் கிரீஸ்

ரப்பர் ஹோஸை நான் கண்ணால் பார்த்து மட்டும் வாங்குவதில்லை. கட்டைவிரலை உள்ளே விட்டு ஓர் அழுத்து, வெளியே ஒரு கிள்ளு, பிறகு மூக்கருகே வைத்து ஒரு முகர்வு. புது ரப்பரா, பழைய டயரை அரைத்துச் சேர்த்ததா என்பது அதிலேயே தெரிந்துவிடும். காரைக்காலில் கடற்கரைப் பக்கம் போகும் சாலையில் எங்கள் கடை இருந்தது. வீட்டுக்காரர் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். அவருக்குப் படகு, எனக்குக் கடை. எந்த ஹோஸ், எந்த அளவு, எந்த கிளிப் என்பதை அவர்கூட என்னிடம் கேட்டுத்தான் எடுப்பார். கேட்காமல் எடுத்துப் போன நாட்களில் சாயங்காலம் அதே ஹோஸோடு திரும்பி வருவார். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

கடைக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். வயல்காரர்கள் பம்பு செட்டுக்கு ஹோஸ் கேட்பார்கள். தண்ணீரை இழுக்கிற பக்கத்துக்கு உள்ளே கம்பிச் சுருள் வைத்த விறைப்பான ஹோஸ். இல்லாவிட்டால் அது சப்பிப்போகும். தள்ளுகிற பக்கத்துக்கு நூல் அடுக்கு வைத்த வலுவான ஹோஸ், இல்லாவிட்டால் வெடித்துவிடும். இரண்டையும் மாற்றிப் போட்ட ஒருவரையும் நான் டெல்டாவில் பார்த்ததில்லை.

இன்னொரு வகை எங்கள் ஆட்கள், கடல்காரர்கள். படகு எஞ்சினைக் குளிர்விக்கக் கடல் தண்ணீரை இழுக்கும் ஹோஸில் சொறி மீன் என்கிற ஜெல்லி மீனும் பிளாஸ்டிக் பையும் வந்து அடைத்துக்கொள்ளும். நடுக்கடலில் எஞ்சின் கொதிக்கும்போது ஸ்பானர் தேடிக்கொண்டிருக்க முடியாது. கிளிப்பைத் தளர்த்தினால் ஹோஸ் கையோடு வந்துவிட வேண்டும். உப்பு பிடித்து இரும்போடு ஒட்டிக்கொண்டால் அவ்வளவுதான். அதனால் எங்கள் கரையில் ஒரு வழக்கம்: ஹோஸைச் சொருகும் முன் குழாயின் மேல் ஒரு விரல் கிரீஸ். படகின் தண்டுக்குப் போடும் அந்த மஞ்சள் கிரீஸ் டப்பா என் மேசையில் எப்போதும் திறந்தே இருக்கும். ஹோஸ் வாங்கினால் ஒரு விரல் கிரீஸ் இனாம். நானே தொட்டு, நானே தடவி, நானே சொருகியும் கொடுப்பேன். அந்த நாளில் என் வலது கை ஆள்காட்டி விரல் ஒரு மாதிரி மஞ்சளாகவே இருக்கும்.

சுனாமிக்குப் பிறகு புதுப் படகுகளும் புது எஞ்சின்களும் வந்து இறங்கிய வருஷங்கள் அவை. கடையில் மூச்சுவிட நேரமிருக்காது. அப்படி ஒரு நாள் தலத்தெருவிலிருந்து ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும். கையில் கிழிந்த ரப்பர்த் துண்டு ஒன்று.

"அக்கா, கார்ல டர்போவுக்குப் போற ஹோஸு. டவுன்ல நாலு கடை ஏறி எறங்கிட்டேன். உங்கள்ட்டதான் கெடைக்கும்னாங்க."

கார்க் கடைக்காரர்கள் என்னிடம் அனுப்பியதே எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "கெடைக்கும் தம்பி. வண்டிய முன்னாடி கொண்டாங்க" என்றேன்.

பழைய டர்போ டீசல் கார். அதை வாங்கியதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அவருடைய அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. நகராட்சியை எங்கள் ஊரில் இன்னும் மேரி என்றுதான் சொல்வோம். அந்த அக்கா மேரியில் குமாஸ்தா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் அவர்தான். செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். அவருக்கு இடம் கிடைத்தது புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில். பன்னிரண்டு மணிக் கட்டில். ஒருவருக்கு நாலு மணி நேரம் எடுக்கும் என்பதால் தாமதமாகப் போனால் அடுத்தவரைப் படுக்கவைத்துவிடுவார்கள். பஸ்ஸில் போய் வந்து அந்த அக்கா துவண்டு போகிறார் என்றுதான் கார் வாங்கியிருக்கிறார். அன்றைக்கு முன்சீட்டில் அந்த அக்காவும் உட்கார்ந்திருந்தார். பருத்திப் புடவை, மூக்குக் கண்ணாடி, மடியில் ஒரு பைல். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, "நல்லதாப் பாத்துக் குடுங்கம்மா. நான் ஓடுறது இதாலதான்" என்றார். காரைச் சொன்னாரா, ஹோஸைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

பானட்டைத் திறந்து பார்த்தேன். அதுவரை டர்போவை நான் தொட்டதில்லை. ஆனால் பார்த்ததும் புரிந்துவிட்டது. பம்பு செட்தான், தண்ணீருக்குப் பதில் காற்று. எஞ்சின் புகையின் வேகத்தில் சுற்றுகிற காற்றாடி ஒன்று வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அமுக்கிய காற்று சூடாகிவிடுமாம். அதை ஆற்ற முன்பக்கம் ஒரு சின்ன ரேடியேட்டர் மாதிரி இன்டர்கூலர். அங்கிருந்து எஞ்சினுக்கு ஓர் இரும்புக் குழாய். குழாயும் இன்டர்கூலரின் வாயும் சேருகிற இடத்தில் ஒரு சாண் ஹோஸ். கிழிந்தது அதுதான். தள்ளுகிற பக்கம், ஆகவே வலுவான ஹோஸ். யோசிக்க என்ன இருக்கிறது?

படகு எஞ்சினின் குளிர் தண்ணீருக்குப் போடுகிற தடித்த கறுப்பு ஹோஸில் சரியான அளவில் ஒரு துண்டு அறுத்தேன். ஒரு விரல் கிரீஸ் தடவினேன். சொருகினேன். இந்தப் பக்கம் இரண்டு கிளிப், அந்தப் பக்கம் இரண்டு கிளிப். "தம்பி, வங்காள விரிகுடாவுல ஓடுற ஹோஸு இது. உங்க ரோட்டுல ஓடாதா?" என்றேன். அவர் காரைக்கால் முழுக்க இரண்டு சுற்று சுற்றி வந்தார். ஒன்றும் ஆகவில்லை. ஆகாதுதான். எங்கள் ஊர் மேசைமேல் வைத்த தட்டு. ஏற்றம் என்று ஒன்று இருந்தால்தானே எஞ்சின் தம் கட்டும்?

மூன்று வாரம் ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை கொள்ளிடம் பாலத்தில் ஏறும்போது பட்டென்று ஒரு சத்தம், பின்னால் கரும்புகை, வண்டிக்கு இழுவை இல்லை. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து ஊர்ந்து அவர்கள் புதுச்சேரி சேர்ந்தபோது இரண்டு மணி தாண்டிவிட்டது. கட்டிலில் வேறொருவர். மறுநாள் மதியம்வரை அங்கேயே ஒரு பெஞ்சில் காத்திருந்திருக்கிறார்கள்.

புதன் சாயங்காலம் கார் கடை முன்னால் வந்து நின்றது. அந்த அக்கா கதவைத் திறந்து காலைக் கீழே வைத்தார். கணுக்கால் தெரியவில்லை. செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. டயாலிசிஸ் ஆகி வந்த பிறகே அப்படி என்றால், அதற்கு முந்தின ராத்திரி எப்படி இருந்திருக்கும்? என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவர் திட்டவில்லை.

ஹோஸைக் கழற்றிப் பார்த்தேன். உள்பக்கம் உப்பி, பிசுபிசுத்து, வாய் அகன்று கிளிப்புக்கு வெளியே நழுவியிருந்தது. விரலை விட்டால் எண்ணெய். டர்போவிலிருந்து வரும் காற்றோடு எஞ்சின் ஆயில் ஆவியும் கொஞ்சம் கொஞ்சமாய் வரும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. தண்ணீருக்குச் செய்த ரப்பர் எண்ணெயைக் குடித்துவிட்டிருந்தது. கடலில் ஓடும் ஹோஸ் ரோட்டில் ஓடவில்லை. சரி, தோற்றது ரப்பர் என்று முடிவு கட்டினேன். அதில் பாதி உண்மை இருந்ததுதான் எனக்கு வினையாகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் பஸ்ஸில் போனார்கள். நான் மெட்ராஸ் பஸ்ஸில் ஏறினேன். வீட்டுக்காரர், "ஒரு சாண் ஹோஸுக்கு மெட்ராஸா? ஏரோப்ளேன்ல போயேன்" என்றார். அந்த இரும்புக் குழாயைக் கழற்றிச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். அளவை வாயால் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பொருளுக்குப் பொருள் பொருத்திப் பார்க்க வேண்டும்.

புதுப்பேட்டையில் மூன்று கடைகள் ஏறினேன். மூன்றாவது கடையில்தான் நான் தேடியது இருந்தது, சிலிக்கான் ஹோஸ். கடைக்காரர் சுவரில் தொங்கிய வரிசையைக் காட்டி, "என்ன கலர் மேடம்? ப்ளூ, ரெட், பிளாக், எல்லாம் இருக்கு" என்றார்.

"கலரு நான் பொடவைக்குப் பாத்துக்குறேன். இதுக்கு உள்ள என்னா பூசியிருக்குன்னு சொல்லுங்க."

அவர் முதலில் சிரித்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் நாலைந்து துண்டுகளை எடுத்து வெட்டிய முனையைப் பார்த்தேன். சிலதில் மூன்று நூல் அடுக்கு, சிலதில் நாலு. நாலு அடுக்கை மட்டும் ஒதுக்கி வைத்தேன். அதிலும் வெறும் சிலிக்கான் என்றால் நாளாக ஆக எண்ணெய் ஊடுருவி வெளியே வியர்க்குமாம். அவரே சொன்னார். உள்ளே வேறு நிறத்தில் எண்ணெய் தாங்கும் பூச்சு கொடுத்தது ஒன்றே ஒன்றுதான் இருந்தது, நீலம். அதன் நடுவில் ஒரு புடைப்பு. ஏன் என்று எனக்கு அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இன்டர்கூலர் வண்டியின் உடம்போடு முடுக்கியது, அசையாது. எஞ்சின் ரப்பர் கட்டைமேல் உட்கார்ந்து ஆடுகிறது, அதிலும் டீசல். நடுவில் இருப்பவன் இருவருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டும். மாமியார் வீட்டில் வாழ்ந்த எவளுக்கும் இது புரியும்.

அடுத்து அளவு. என் குழாயை அதில் சொருகிப் பார்த்தேன், பிடிவாதமாக இருந்தது. அதுதான் சரி. கடைக்காரர், "ஒரு சைஸ் பெருசு எடுத்துக்குங்க மேடம், ஈஸியா போயிடும். கிளிப் போட்டு இறுக்கினா நிக்கும்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய ஹோஸைக் கிளிப்பால் இறுக்கினால் எங்காவது ஒரு மடிப்பு விழும், காற்றுக்கு அந்த மடிப்பு போதும். ஹோஸின் உள் அளவும் குழாயின் வெளி அளவும் ஒன்றாக இருக்க வேண்டும், கிளிப் காவலுக்குத்தான். கிளிப்பிலும் சாதாரண ஓட்டை போட்ட பட்டை வேண்டாம் என்று தள்ளினேன். அந்த ஓட்டை விளிம்புகள் மெத்தென்ற சிலிக்கானைச் சுரண்டிவிடும். வழவழப்பான அகலப் பட்டையும் பக்கத்தில் போல்ட்டும் வைத்த கிளாம்ப் இருந்தது. சுற்றிலும் ஒரே மாதிரி பிடிக்கும். அதில் இரண்டு எடுத்தேன். "எந்த ஒர்க்‌ஷாப் நீங்க?" என்று கேட்டார். "படகுக் கடை" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

தெரிவு செய்ததில் ஒரு குறையும் இல்லை. இன்றைக்கு யார் கேட்டாலும் அதே ஹோஸைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

திங்கட்கிழமை கடை வாசலில் நானே மாட்டினேன். செவ்வாய் காலை ஏழு மணிக்கு அவர்கள் கிளம்பினார்கள். பத்து மணிக்குத் தம்பி செல்போனில் பேசினார். சிதம்பரம் தாண்டி ஒரு லாரியை முந்த மிதித்திருக்கிறார். அதே பட்டென்ற சத்தம். அதே கரும்புகை.

அன்றும் கட்டில் போய்விட்டது. மறுநாள்தான் கிடைத்தது. இந்த முறை ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகவே சொல்லிவிட்டார்கள்: இன்னொரு தடவை தவறினால் அந்தக் கட்டிலை வரிசையில் காத்திருப்பவருக்குக் கொடுத்துவிடுவோம், நீங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு இடம் என்று ஒன்று அவர்களுக்கு இல்லை. வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தாக வேண்டும். பஸ்ஸில் ஏற அந்த அக்காவின் கால் இனி விடாது.

வியாழன் காலையில் கார் கடைக்கு வந்தது, தம்பி மட்டும். நான் கோபத்தில் இருந்தேன். என் ஹோஸ் கிழிந்திருக்க வாய்ப்பில்லை, யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள். பானட்டைத் திறந்தேன். ஹோஸில் ஒரு கீறல் இல்லை. கிளாம்ப் இறுக்கமாகவே இருந்தது. ஹோஸ் முழுசாகக் குழாயைவிட்டுக் கழன்று, தோல் உரித்த பனங்கிழங்காட்டம் பக்கத்தில் கிடந்தது. வழுக்கிக்கொண்டு வந்திருக்கிறது. குழாயின் முனையைத் தொட்டேன். விரலில் மஞ்சளாக ஒட்டியது.

"இதுல எந்த மடையன் கிரீஸ் வெச்சது?" கடை அதிரக் கத்தினேன். "காத்து தள்ளுற எடத்துல கிரீஸ் வெச்சா நிக்குமா? அறிவு வேணாம்? யாரு வெச்சா, சொல்லுங்க!"

தம்பி தலையைச் சொறிந்தார். என் மேசையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நீங்கதான்க்கா" என்றார்.

என் வலது கை விரலைப் பார்த்தேன்.

நினைவு வந்தது. மாட்டும்போது சிலிக்கான் பிடிவாதமாக இருந்தது. கை தன்பாட்டுக்கு டப்பாவுக்குப் போனது. புத்தி மெட்ராஸ் போய்வந்து அளவும் அடுக்கும் பூச்சும் படித்துக்கொண்டது. கை காரைக்கால் கரையிலேயே இருந்துவிட்டது. நடுக்கடலில் சுலபமாகக் கழன்று வர வேண்டும் என்று தடவுவது அது. சுலபமாகத்தான் கழன்று வந்திருக்கிறது. முதல் முறையும் அப்படியே தடவினேன். எண்ணெய்ப் பிசுபிசுப்பில் கிரீஸ் இருந்தது எனக்குத் தெரியவில்லை. இரண்டு கட்டிலும் என் விரலால் போனவை. கடையில் அத்தனை பேர் இருக்க எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆத்திரத்தில்தான்.

"வண்டி இங்கயே நிக்கட்டும். நான் உங்க அக்காவப் பாக்கணும்" என்றேன்.

தலத்தெரு வீட்டில் அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு சின்னச் சொம்பு. ஒரு நாளைக்குக் குடிக்க வேண்டிய தண்ணீரை அதில் அளந்து வைத்திருப்பார்கள். அதற்கு மேல் ஒரு வாய் கூடாது. எனக்குக் காபி கலந்து தரச் சொல்லிவிட்டு, நான் குடிப்பதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் காபியைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஹோஸ் நல்ல ஹோஸ், கிளாம்ப் நல்ல கிளாம்ப், தப்பு என் கை. ரெண்டு தடவையும்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தது, மறைக்கவில்லை. "அந்த பெஞ்சில ராத்திரி முச்சூடும் மூச்சு முட்டிச்சு, தெரியுமா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆபீஸ் குரலில் பேசினார்.

"மேரியில பொறப்பு எறப்பு ரெஜிஸ்தர் என் கையிலதான் இருக்கு. அதுல தப்பா எழுதிட்டா ரப்பர் வெச்சு அழிக்கக் கூடாது, வெள்ள மை பூசக் கூடாது. ஒத்தக் கோடு போட்டு அடிச்சு, மேல சரியா எழுதி, பக்கத்துலயே கையெழுத்துப் போடணும். அழிச்சா குத்தம். கையெழுத்துப் போட்டா திருத்தம்."

"போடுறேங்க. எதுல போடணும்?"

"நாளைக்கு வண்டியில வாங்க. பின்சீட்டுல ஒக்காருங்க. அதான் கையெழுத்து."

அன்று பகல் முழுக்க அந்தக் காரோடுதான் கிடந்தேன். முதல் வேலை குழாய். உப்புக் காற்றில் பழைய குழாய் துருப்பிடித்துப் போனதால் முன்பு வைத்திருந்தவர் ஏதோ பட்டறையில் வெறும் இரும்புக் குழாயை வெட்டிப் போட்டிருந்தார். முனை மொழுமொழுவென்று இருந்தது. நல்ல குழாய்க்கு முனையில் ஒரு மேடு, ஒரு காலர் இருக்கும். ஹோஸ் அதைத் தாண்டி ஏறி உட்கார, கிளாம்ப் அந்த மேட்டுக்குப் பின்னால் பிடித்துக்கொள்ளும். இதைக்கூட முதலில் பார்க்கத் தவறியிருந்தேன். வீட்டுக்காரர் படகுப் பட்டறை வெல்டரைக் கூட்டிவந்தார். குழாயைச் சுற்றி மெல்லியதாக ஒரு வரி வெல்டு வைத்து, அரத்தால் ராவி வழவழப்பாக்கினோம். கூர் இருந்தால் ஹோஸை அறுத்துவிடும். குழாய்க்குள் ஒரு இரும்புத் துணுக்கு மிச்சமிருந்தாலும் எஞ்சின் விழுங்கிவிடும் என்று வீட்டுக்காரர் காற்றடித்துக் காற்றடித்துச் சுத்தம் செய்தார். இன்டர்கூலரின் வாயில் கம்பெனி வைத்த மேடு ஏற்கெனவே இருந்தது.

இரண்டாவது வேலை என் கிரீஸ். தின்னரில் துணியை நனைத்து, குழாயின் வெளியே, இன்டர்கூலர் வாயில், ஹோஸின் உள்ளே என்று மாற்றி மாற்றித் துடைத்தேன். வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை விடவில்லை. கிரீஸ் டப்பாவை மூடி வீட்டுக்காரர் கையில் கொடுத்து, "இத எங்கயாவது கொண்டு போங்க, என் கண்ணுல படக் கூடாது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஹோஸ் ஏற அடம்பிடித்தது. உள்ளே கொஞ்சம் வெறும் தண்ணீர் தொட்டுக்கொண்டேன். தண்ணீர் காய்ந்துவிடும், காய்ந்ததும் இறுக்கிக்கொள்ளும். இரண்டு விரல் அகலத்துக்குக் குழாய் உள்ளே போனதை அளந்து பார்த்து, கிளாம்ப்பை மேட்டுக்குப் பின்னால் வைத்து முடுக்கினேன்.

இனி சோதிக்க வேண்டும். ஏற்றமே இல்லாத ஊரில் எங்கே சோதிப்பது? யோசனை எனக்குத்தான் வந்தது. காரைக் கருக்களாச்சேரிக் கடற்கரைக்கு ஓட்டச் சொன்னேன். அங்கே மணலை ஒட்டித் தார் ரோடு வரும். காரை ரோட்டில் நிறுத்தி, பின்னால் வடம் கட்டி, மறுமுனையைத் தண்ணீர் ஓரம் கிடந்த ஒரு ஃபைபர் படகில் கட்டினோம். பத்து ஆள் சேர்ந்து ஏலேலோ போட்டு இழுக்கிற படகு. "ஹோஸு கழலணும்னா இப்ப கழலட்டும். மிதிங்க தம்பி" என்றேன். எஞ்சின் உறுமியது. வடம் விறைத்தது. பானட்டுக்குள்ளிருந்து மெல்லிய விசில் கிளம்பியது, டர்போ தம் கட்டுகிற சத்தம். படகு மணலில் அசைந்தது, பிறகு நகர்ந்தது, பிறகு ஏறி வந்தது. கரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். "இதே மாதிரி தெனமும் வாங்கம்மா" என்றார் படகுக்காரர். மூன்று முறை இழுத்தோம். ஹோஸ் இருந்த இடத்தில் இருந்தது.

இருந்தும் வெள்ளிக்கிழமை காலை பின்சீட்டில் ஏறும்முன் கிளாம்ப்பை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தேன். அந்த அக்கா முன்சீட்டில், மடியில் அதே பைல். கொள்ளிடம் பாலம் தெரிந்ததும் தம்பியின் தோள் இறுகுவதைப் பார்த்தேன். ஏற்றம் தொடங்கியதும் அவர் காலை எடுத்தார். வண்டி தளர்ந்தது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது.

"கால எடுக்காதீங்க தம்பி" என்றேன். "அழுத்துங்க."

"அக்கா, வேணாம்க்கா. மெதுவாவே போயிடுவோம்."

"பயந்து பயந்து வாரம் ரெண்டு தடவ எப்படிப் போவீங்க? நான் உள்ளதான் ஒக்காந்திருக்கேன். அழுத்துங்க."

குமாஸ்தா அக்கா திரும்பவில்லை. முன்னால் பார்த்தபடியே, "அழுத்துடா" என்றார்.

அவர் அழுத்தினார். விசில் எழுந்தது, கார் எங்களைச் சீட்டோடு அமுக்கிக்கொண்டு ஏறியது, பாலத்தின் உச்சி வந்தது, கொள்ளிடத்தின் மணல் இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தது. அந்தப் பட்டென்ற சத்தம் வரவில்லை. எனக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. காற்று என்று சொல்லிச் சேலைத் தலைப்பால் துடைத்தேன்.

பதினொன்றேகாலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம். தம்பி அக்காவைப் பிடித்து இறக்கினார். நான் அதற்குள் பானட்டைத் திறந்து, துணியால் ஹோஸின் முனையைத் துடைத்துப் பார்த்தேன். துணி காய்ந்திருந்தது. அந்த அக்கா படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கையெழுத்து செல்லும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு மூன்றரை வருஷம். செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணி சுமாருக்கு அந்தக் கார் கடையைத் தாண்டிப் போகும். தம்பி ஒரு ஹாரன் அடிப்பார், அந்த அக்கா பைலைத் தூக்கிக் காட்டுவார். நான் டப்பாவைப் படகுக்காரர்களுக்காகத் திரும்ப மேசைக்குக் கொண்டுவந்திருந்தேன். ஆனால் மூடி போட்டுத்தான் வைத்தேன். கை தன்பாட்டுக்குப் போகாமல், திறக்கும்போதாவது புத்தி வர வேண்டும். கார்க்காரர்களும் வரத் தொடங்கினார்கள். முனையில் மேடு இல்லாத குழாயோடு வந்தால் ஹோஸ் தரமாட்டேன் என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நாலாவது வருஷ மழைக்காலத்தில் அந்த அக்கா போய்விட்டார். இதயம் தாங்கவில்லை என்றார்கள். வீட்டில், தூக்கத்தில். அந்த மூன்றரை வருஷத்தில் ஒரு நாளும் அவருடைய கட்டில் என் ஹோஸால் போகவில்லை. இதை அப்போது யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. இப்போது சொல்கிறேன்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துத் தம்பி காரோடு வந்தார். அதை வைத்துக்கொள்ள அவருக்கு மனம் இல்லை. வாங்குகிறவர் மெக்கானிக்கைக் கூட்டிவந்து பார்த்தாராம். "அந்த ஹோஸு பழசாயிடுச்சாம்க்கா. புதுசு போட்டுக் குடுக்கச் சொல்றாங்க."

பானட்டைத் திறந்தேன். நீலம் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. கிள்ளிப் பார்த்தேன், மெத்தென்று திரும்பியது. எண்ணெய் கசிந்த தடம் இல்லை. கிளாம்ப் இரண்டையும் கழற்றினேன். ஹோஸை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினேன், இழுத்தேன், காலை பம்பரில் ஊன்றி இழுத்தேன். இம்மியும் நகரவில்லை. குழாயோடு குழாயாக ஒட்டிப்போயிருந்தது. கழற்றுவது என்றால் பிளேடு வைத்து அறுக்கத்தான் வேண்டும்.

கிளாம்ப்புகளைத் திரும்பவும் முடுக்கினேன்.

"அவுங்கள்ட்ட சொல்லுங்க தம்பி, இதத் தொட வேணாம். இதுல நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பானட்டை மூட வேண்டியதுதான். ஹோஸின் மேல் வைத்த கையை எடுக்க எனக்கு மனசு வரவில்லை.